அக்கரையில் நின்ற பேருந்து

1992 ஏப்ரல் 28. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் லிஃப்ட் கேட்டு நின்ற ஓர் இளைஞனை, அந்த வட்டாரத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டார். பெயர் அலெக்ஸ் என்றான். டெனாலி தேசியப் பூங்காவின் ஓரமாக இறங்கி, காட்டுக்குள் நடந்து போய், அங்கே கிடைப்பதைத் தின்று சில மாதம் இருக்கப் போவதாகச் சொன்னான். எலக்ட்ரீஷியன் வேட்டை தெரிந்தவர். பையைப் பார்த்ததுமே அவருக்குக் கணக்கு இடித்தது. மாதக்கணக்கில் காட்டில் இருக்கப் போகிறவனின் பை அவ்வளவு இலேசாக இருக்காது. உணவென்று உள்ளே இருந்தது பத்துப் பவுண்டு அரிசி, அதாவது நாலரைக் கிலோ. துப்பாக்கி .22 ரகம். முயலுக்கும் பறவைக்கும் அது போதும். பெரிய மிருகத்துக்கு அந்த ஊரார் அதைக் கையில் எடுக்க மாட்டார்கள். கோடரி இல்லை. திசைகாட்டி இல்லை. வரைபடம் என்று இருந்தது பெட்ரோல் பங்கில் கிடைக்கிற, மடிப்பு மடிப்பாகக் கிழிந்த சாலை வரைபடம்.

ஆங்கரேஜ் வரை கூட்டிப்போய் வேண்டிய சாமான் வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டான். கடைசியில் தன்னுடைய ரப்பர் பூட்ஸையும், வீட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிவந்த இரண்டு சாண்ட்விச்சையும், ஒரு பொட்டலம் சோள வறுவலையும் அவன் கையில் திணித்தார். பதிலுக்கு அவன் தன் கைக்கடிகாரத்தையும் சீப்பையும் சட்டைப்பையில் மிச்சமிருந்த 85 சென்ட் சில்லறையையும் அவரிடம் நீட்டினான். அவர் வாங்க மறுத்தார். வாங்காவிட்டால் தூக்கி எறிந்துவிடுவேன் என்றான். மணி என்ன, தேதி என்ன, எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் தனக்குத் தெரியவே வேண்டாம் என்றான். அந்தப் பேச்சை இந்தக் கட்டுரையின் கடைசி வரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசித்தால் தானே சாலைக்கு வந்துவிடுவான் என்று எண்ணிக்கொண்டு எலக்ட்ரீஷியன் வண்டியைத் திருப்பினார். சாதாரணமாக யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

செப்டம்பர் 6 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உள்ளே, கைவிடப்பட்ட பழைய பேருந்து ஒன்றில், உறங்கும் பைக்குள் சுருண்டிருந்த உடலை, மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாட வந்தவர்கள் கண்டெடுத்தார்கள். எடை 67 பவுண்டு. முப்பது கிலோ. இறந்து இரண்டரை வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பட்டினிச் சாவு என்று மரண விசாரணை முடிந்தது.

அவன் உண்மைப் பெயர் கிறிஸ்டோபர் மெக்கான்ட்லஸ். வயது 24. என் வயதுக்கு அவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

இந்த வழக்கைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அலாஸ்காக்காரர்களில் பெரும்பாலோர், எதுவும் கற்றுக்கொள்ளாமல் காட்டை விளையாட்டாக நினைத்து வந்த நகரத்துப் பையன் என்று கை கழுவிவிடுகிறார்கள். மறுபக்கத்தில், பணத்தை உதறிவிட்டுச் சுதந்திரம் தேடிப்போன ஞானி என்று படம் மாட்டிக் கும்பிடுகிறவர்கள். இரண்டு கட்சியும் அவன் குணத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு அவன் காட்டில் இருந்த 113 நாளும் என்ன நடந்தது, எந்தெந்த இடத்தில் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்பதில்தான் அக்கறை.

முதலில் கொஞ்சம் பின்கதை. விர்ஜீனியாவில், வாஷிங்டனை ஒட்டிய வசதியான புறநகரில் வளர்ந்தவன். அப்பா நாசாவில் பணிபுரிந்த விண்வெளிப் பொறியாளர். 1990 மே மாதம் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் வரலாறும் மானுடவியலும் படித்துப் பட்டம் வாங்கினான். கையிலிருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடையாக அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய டாட்சன் காரில் மேற்கே கிளம்பினான். ‘வசதியைத் துறந்தான்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வீட்டுக்குள் அடிதடியும் மிரட்டலும் இருந்தன என்று அவன் தங்கை கரீன் 2014-இல் எழுதினார். அவன் எதைத் துறந்தான், எதிலிருந்து தப்பினான் என்பதை அதற்குப் பிறகு அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் உறுத்துகிறது. 1990 ஜூலையில் அரிசோனாவில் மீட் ஏரிக்கருகே, வறண்ட ஓடைப் படுகையில் கொண்டுபோய்க் காரை நிறுத்தினான். திடீர் வெள்ளம் வந்து கார் கிளம்பாமல் போனது. காரை அங்கேயே விட்டான், கையிலிருந்த பணத்தைக் கொளுத்தினான், ஜூலை வெயிலில் ஏரியைச் சுற்றி நடந்து வெப்பம் தாங்காமல் சுருண்டான். அவ்வழியே படகில் போனவர்கள் ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் சிறு படகொன்றில் கொலராடோ ஆற்றோடு இறங்கி மெக்சிகோவுக்குள் நுழைந்தான். ஆறு பாசனக் கால்வாய்களாகப் பிரிந்து பிரிந்து சதுப்பில் முடிய, வழி தொலைந்தது. வாத்து வேட்டைக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் அவனையும் படகையும் கடல் வரை கொண்டுபோய் விட்டார்கள். தெற்கு டகோட்டாவின் கார்த்தேஜ் ஊரில் தானியக் கிடங்கு வைத்திருந்தவர் வேலையும் தங்க இடமும் கொடுத்தார். கலிஃபோர்னியப் பாலைவனத்தில் எண்பது வயது முதியவர் ஒருவர் தோல் வேலை கற்றுக்கொடுத்து, உன்னைப் பேரனாகத் தத்தெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அலாஸ்கா போய் வந்தபின் பேசலாம் என்றான்.

அவன் செய்த ஒவ்வொரு தவறுக்கும் அடியில் யாரோ ஒருவருடைய கை வந்து ஏந்திக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் வீட்டைத் துறந்தவர்கள்கூட ஊரை முழுக்கத் துறந்ததில்லை. திருவோட்டை நீட்ட ஒரு வாசல் வேண்டுமே. அவனும் அந்த இரண்டு ஆண்டும் அப்படித்தான் வாழ்ந்தான், தன்னைத் தனியன் என்று சொல்லிக்கொண்டே. கை நீட்ட ஆளே இல்லாத இடத்துக்கு அவன் முதன்முதலாகப் போனது 1992 ஏப்ரலில்தான்.

அரிசிக் கணக்கு

அவன் காட்டுக்குள் நடந்து போன ஸ்டாம்பீட் பாதை என்பது ஒரு காலத்தில் ஆன்டிமனி என்ற கனிமத்தின் சுரங்கத்துக்குப் போட்ட தடம். 1961-இல் அதைச் சாலையாக்க முயன்ற ஒப்பந்த நிறுவனம், தொழிலாளர் தங்குவதற்காகப் பழைய நகரப் பேருந்துகளை உள்ளே இழுத்துச் சென்றது. ஆறுகளின் மேல் பாலம் கட்டவே இல்லை. சாலையும் பாதியில் நின்றது. திரும்பும்போது ஒரு பேருந்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். 1946-ஆம் ஆண்டு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வண்டி. பக்கவாட்டில் ஃபேர்பேங்க்ஸ் நகரப் போக்குவரத்தின் 142 என்ற எண். உள்ளே படுக்கையும், பீப்பாயில் செய்த அடுப்பும் இருந்தன. வேட்டைக்காரர்கள் மழைக்கு ஒதுங்கும் இடம். நடக்கத் தொடங்கிச் சில நாளில் அதைக் கண்டவன், மந்திரப் பேருந்து என்று நாட்குறிப்பில் பெயர் வைத்து, அங்கேயே தங்கிவிட்டான்.

இப்போது அரிசிக்கு வருவோம். ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 3,500 கிலோகலோரி. நாலரைக் கிலோவுக்கு 16,000-க்கும் கொஞ்சம் குறைவு. குளிரில் விறகு பொறுக்கி, வேட்டைக்கு அலைந்து திரியும் இளைஞனுக்கு நாளொன்றுக்கு 2,500-க்குக் குறையாமல் வேண்டும். ஆக, அவன் சுமந்து போனது ஒரு வாரச் சாப்பாடு. மீதி 106 நாளும் காடு கொடுக்க வேண்டும். காடு கொடுத்தது அணில், முள்ளம்பன்றி, வாத்து, காட்டுக்கோழி வகைகள். அந்தக் காட்டின் செந்நிற அணில் கால் கிலோவைத் தாண்டாது; தோலும் எலும்பும் போக நூறு கிராம் இறைச்சி தேறினால் அதிகம். கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பே இல்லாத கறியை மட்டும் தின்று மனிதன் பிழைக்க முடியாது. வயிறு நிறையும், உடம்பு கரையும். வட நாட்டு வேட்டைக்காரர்கள் அதற்கு முயல் பட்டினி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவன் நாட்குறிப்பு இந்தக் கணக்கை அப்படியே காட்டுகிறது. தனி நோட்டு கிடையாது. அலாஸ்காவின் தனைனா மக்கள் எந்தச் செடியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று விளக்கும் தாவர நூலின் கடைசிப் பக்கங்களில், நாளுக்கு ஓரிரு சொல்லாக எழுதியிருக்கிறான். பெரும்பாலும் தின்றவற்றின் பட்டியல். காட்டின் அழகைப் பற்றி அதில் தேடுகிறவர்களுக்கு அதிகம் கிடைக்காது. பசித்தவனின் குறிப்பு வேறு எப்படி இருக்கும்?

மூஸ்

ஜூன் 9, 43-ஆம் நாள், அந்தச் சிறு துப்பாக்கியாலேயே ஒரு மூஸை வீழ்த்திவிட்டான். உடலைக் கண்டெடுத்த வேட்டைக்காரர்கள் எலும்புகளைப் பார்த்துவிட்டு, மூஸ் இல்லை, கரிபூ மான், அதைக்கூட அடையாளம் தெரியாத பையன் என்று கேலி செய்தார்கள். அவன் எடுத்த புகைப்படங்களைக் கழுவியபோது மூஸ்தான் என்று உறுதியானது. கேலி மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

ஒரு மூஸ் இருந்தால் கோடை முழுவதும் கவலையில்லை, கறியைக் காப்பாற்றத் தெரிந்தால். அலாஸ்காவில் அவசரத்துக்குச் செய்வது ஒன்றுதான்: கறியை மெல்லிய கீற்றாக அரிந்து காற்றில் உலர்த்துவது. உப்புக்கண்டம் போட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குத் தெற்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது புகைபோடும் முறை. குகைபோல் குழி வெட்டி, பெரிய பெரிய துண்டாகப் புகைபோட்டான். கொசுவும் ஈயும் மொய்க்க, ஐந்தே நாளில் புழு வைத்தது. கோடையில் இருட்டே வராத ஊர். ஈக்கு ஓய்வே கிடையாது. ஜூன் 14 அன்று, புழு வந்துவிட்டது, இந்த மூஸைச் சுட்டிருக்கவே கூடாது, என் வாழ்க்கையின் பெருஞ்சோகங்களில் ஒன்று என்ற பொருளில் எழுதியிருக்கிறான். நாட்குறிப்பிலேயே மனம் திறந்து பேசும் இடங்கள் மிகச் சில. அதில் இது ஒன்று. தன் பட்டினிக்கு அவன் இவ்வளவு வருந்தவில்லை. வீணாய்ப் போன உயிருக்கு வருந்தியிருக்கிறான்.

ஆறு

ஜூலை 3 அன்று அவன் பையைக் கட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பிவிட்டான். இந்தத் தகவலைக் கும்பிடுகிறவர்களும் கேலி செய்கிறவர்களும் சேர்ந்தே மறந்துவிடுகிறார்கள். சாகும்வரை காட்டில் இருக்க அவன் வரவில்லை. இரண்டு மாதம் இருந்தாயிற்று, போதும் என்று ஊருக்குப் புறப்பட்டவன் அவன்.

இரண்டு நாள் நடந்து டெக்லனிகா ஆற்றங்கரைக்கு வந்தபோது, ஏப்ரலில் பனிக்கட்டிக்கு நடுவே எளிதாகக் கடந்த ஆறு அங்கே இல்லை. பனியாற்று நீரின் போக்கு அப்படி. நம் ஆறுகள் மழைக்குப் பெருகி வெயிலுக்கு வற்றும். பனிமலையில் பிறக்கும் ஆறு வெயிலுக்குப் பெருகும். ஜூலையின் நீண்ட பகல்கள் மலைமேலுள்ள பனியை உருக்க உருக்க, பாறை மாவு கலந்து, குழைத்த சிமென்ட் நிறத்தில், கை வைத்தால் மரத்துப்போகும் குளிரில் நீர் கரைபுரண்டு வரும். அவனுக்கு நன்றாக நீந்தவும் வராது. 69-ஆம் நாள் குறிப்பில் மழை, கடக்க முடியாத ஆறு, தனிமை, பயம் என்று நான்கைந்து சொற்கள்தான். பேருந்துக்கே திரும்பிவிட்டான்.

இந்த வழக்கின் மையம் இந்தக் கரைதான் என்பது என் முடிவு. அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், ஆற்றின் நீரோட்டத்தை அளக்க வந்த நீரியல் துறையினர் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கட்டி, கையால் இழுத்துச் செல்லும் தொங்கு கூடை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். விவரமான நில வரைபடத்தில் அந்த அளவு நிலையம் குறிக்கப்பட்டிருந்தது. சாலை வரைபடத்தில் இல்லை. பேருந்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் சில மரக்குடில்களும் இருந்தன. அவை அந்தக் கோடையில் சூறையாடப்பட்டுக் கிடந்தன. செய்தது யார் என்று நிலைநாட்டப்படவில்லை.

பொறுத்திருந்தால் போதும் என்றும் ஒரு வழி இருந்தது. இத்தகைய ஆறுகள் அதிகாலையில் தணிந்து மாலையில் ஏறும். ஆகஸ்ட் முடிவில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் ஆறே அடங்கிவிடும். அது தெரிந்திருந்தால் கரையோரம் கூடாரமடித்து ஒரு விடியலுக்காகக் காத்திருக்கலாம். வேண்டுமென்றே நல்ல வரைபடம் இல்லாமல் வந்தான் என்கிறார்கள். உலக வரைபடத்தில் வெற்றிடம் எதுவும் மிச்சமில்லை, ஆகவே வரைபடத்தையே விட்டுவிட்டால் வெற்றிடம் கிடைத்துவிடும் என்ற எண்ணம். கவித்துவமான எண்ணம்தான். ஆனால் வரைபடம் என்பது முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவனுக்கு விட்டுச்செல்லும் பேச்சு. எலக்ட்ரீஷியன் கொடுத்த பூட்ஸை வாங்கிக்கொண்டவன் அந்தப் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டான்.

விதை

ஜூலை 30, 94-ஆம் நாள். மிகவும் பலவீனம், காட்டு உருளை விதையால் வந்த வினை, எழுந்து நிற்பதே பெரும்பாடு, பட்டினி, பேராபத்து என்று எழுதியிருக்கிறான். தன் சாவுக்கான காரணத்தைத் தானே எழுதிவைத்தவன் என்றபோதிலும், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டாக வாதம் நடக்கிறது.

காட்டு உருளை என்று அங்கே சொல்வது உருளைக்கிழங்கு இனமே அல்ல. பயறு குடும்பத்தைச் சேர்ந்த ஹெடிசாரம் அல்பினம் என்ற செடி. தனைனா மக்கள் அதன் கிழங்கைத் தின்றார்கள்; அவன் கையிலிருந்த தாவர நூலும் கிழங்கைப் பற்றியே பேசுகிறது. கோடையில் கிழங்கு முற்றி நாராகிவிட, அவன் விதைக்குத் தாவியிருக்கிறான். பை நிறைய விதை சேர்த்து வைத்த புகைப்படம் இருக்கிறது.

இந்த வழக்கை உலகறியச் செய்த பத்திரிகையாளர் ஜான் கிராக்காவர் முதலில், அதே போலத் தோன்றும் நச்சுச் செடியைக் குழப்பிக்கொண்டான் என்றார். பிறகு, அப்படி இல்லை, விதையிலேயே நச்சு என்றார். அலாஸ்கா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பரிசோதித்துப் பார்த்து அந்த நச்சு இல்லை என்றார்கள். ஈர விதையில் வளர்ந்த பூஞ்சை என்று அடுத்து ஒரு விளக்கம். 2013-இல் கதை நம் பக்கம் திரும்பியது: கேசரிப் பருப்பில் உள்ள, கால்களை முடக்கும் அதே அமினோ அமிலம் இதிலும் இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. துவரம் பருப்பில் கலப்படம் என்று பள்ளிப் பாடத்திலிருந்தே நாம் கேட்டு வளர்ந்த பெயர். 1961-இல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. பஞ்சத்தில் வேறு எதுவும் இல்லாமல் அதையே தின்ற ஏழைகள்தான் நடக்க முடியாமல் போனார்கள். மறுபரிசோதனையில் அதுவும் நிற்கவில்லை. 2015-இல் வெளியான ஆய்வில் எல்-கனவனைன் என்ற வேறோர் அமினோ அமிலம் விதையில் இருப்பது தெரிந்தது. தம்பட்டை அவரையின் தாவர இனப் பெயரான கனவாலியாவிலிருந்து வந்த பெயர் அது. தம்பட்டங்காயைப் பிஞ்சில் பறித்துப் பொரியல் செய்கிற நமக்குப் பிரச்சினையில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறவன் அப்படியொரு விதையை உணவாகவே கொண்டால் கதை வேறு. இந்த முடிவையும் ஏற்காத வேதியியலாளர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த வாதத்தின் வேகம் சற்று வியப்பாக இருக்கிறது. விதையில் நஞ்சிருந்தால் அவன் முட்டாள் இல்லை, இல்லாவிட்டால் முட்டாள் என்பதுபோல் இரு பக்கமும் பேசுகிறார்கள். நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரிசிக் கணக்கு மாறவில்லை. ஜூலை 5-ஆம் தேதிக்குப் பின் அவன் சாப்பிட்ட ஒவ்வொரு விதையும், ஆற்றின் தப்பான கரையில் இருந்து சாப்பிட்டது.

அந்த ஆறு அவனோடு நிற்கவுமில்லை. 1996-இல் அவனைப் பற்றிய கிராக்காவரின் புத்தகமும் 2007-இல் திரைப்படமும் வந்த பிறகு, 142-ஆம் எண் பேருந்து யாத்திரைத் தலமாகிவிட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். 2010-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 29 வயதுப் பெண் ஒருவர் டெக்லனிகாவைக் கடக்கும்போது அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். 2019-இல் பெலாரஸிலிருந்து கணவரோடு வந்த 24 வயதுப் புதுமணப்பெண்ணும் அதே ஆற்றில். 2009-க்கும் 2017-க்கும் இடையில் மட்டும் 15 முறை மீட்புப் படை போக வேண்டியிருந்தது. அவன் கதையை மனப்பாடமாகத் தெரிந்து வந்தவர்களும் அந்தக் கதையிலிருந்த ஆற்றை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2020 ஜூன் 18 அன்று, அலாஸ்கா தேசியக் காவல் படையின் சினூக் ஹெலிகாப்டர் அந்தப் பேருந்தைக் கம்பியில் கட்டி அப்படியே தூக்கிச் சென்றது. இப்போது அது ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நூறாவது நாளை எட்டிவிட்டதைக் குறித்துவிட்டு, நடந்து வெளியேற முடியாத அளவு பலவீனமாகிவிட்டேன், காட்டில் சிக்கிக்கொண்டேன் என்று எழுதினான். 107-ஆம் நாள், அவுரிநெல்லிப் பழங்கள் அழகாக இருக்கின்றன என்று இரண்டே சொல். அதன்பின் சொற்கள் இல்லை. நாளுக்கு ஒரு கோடு, 113 வரை.

செப்டம்பர் 6 அன்று ஒருவரையொருவர் அறியாத மூன்று தரப்பினர், ஆறு பேர், தற்செயலாக ஒரே நாளில் அந்தப் பேருந்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான்கு மாதத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் பத்தொன்பது நாள் தாமதமாக வந்த கூட்டம். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ரஷ்ய எழுத்தாளர் கோகலின் நாவலொன்றிலிருந்து கிழித்த தாள். வருகிறவர்கள் யாராயினும் உதவி வேண்டும், காயப்பட்டிருக்கிறேன், சாகும் நிலையில் இருக்கிறேன், தன்னந்தனியாக இருக்கிறேன், இது விளையாட்டல்ல, கடவுளின் பெயரால் இங்கேயே இருந்து என்னைக் காப்பாற்றுங்கள், பக்கத்தில் பழம் பறிக்கப் போயிருக்கிறேன், மாலைக்குள் வந்துவிடுவேன் என்று பெரிய எழுத்தில் எழுதி, நன்றியும் சொல்லியிருந்தான். இரண்டு ஆண்டாகச் சுமந்த புனைபெயரைப் போடவில்லை. கிறிஸ் மெக்கான்ட்லஸ் என்று வீட்டில் வைத்த பெயரைக் கையெழுத்திட்டிருந்தான். தேதி போடும் இடத்தில் ஆகஸ்ட் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தான்.